முதல் கால் மணி நேரம்

நான் குழாய் மாட்டுகிறவன்.
வாலிநோக்கத்தில் கூப்பிடுகிறவர்கள்
தொட்டியைத்தான் காட்டுவார்கள்.
நான் அண்ணாந்து பார்ப்பேன்.
கூரை மறைத்ததை
தொட்டி சொல்லாது.

ஆனியில் தொடங்கி நாலு மாசம்
சோளகம் உப்பைத் தூவியிருக்கும்.
விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தால் தெரியும்.
சோதனைக்கூடம் ராமநாதபுரத்தில்;
நாக்கு கூடவே வருகிறது.

காளிங்கன் வீட்டுத் தகரம் புதிது.
மத்தியானம் அதில் முட்டை பொரிக்கலாம்.
அந்தச் சூட்டில் கிருமி தங்காது என்றேன்.
மனுசனும் தங்கலையேப்பா என்றான்.
கடற்கரைத் தகரத்துக்கு ஆயுசு கொஞ்சம்:
அடுத்த ஐப்பசிக்குள்
ஆணித் துளையைச் சுற்றித் துரு பூத்துவிடும்,
தண்ணீரில் பழைய சாவியைச் சப்பிய ருசி.

சிமெண்ட் ஷீட்டில் ஏறி இறங்கினால்
கைலியெல்லாம் சாம்பல் தூள்,
இரண்டு நாள் தொடை அரிக்கும்.
குடிக்கலாமா என்பார்கள்.
மூச்சில் போனால் கெடுதல் என்று தெரியும்,
வயிற்றில் போனால்
எனக்குத் தெரியாது.
தெரியாது என்று சொல்கிற குழாய்க்காரனுக்கு
அடுத்த வேலை கிடைப்பதில்லை.

கீற்றுக் கூரை பால் விடாத தேத்தண்ணி தரும்.

மூக்கையூர்ப் பாதையில் ஓர் ஆட்டுக்கொட்டிலின் மேல்
கைகூப்பிய வேட்பாளரின் பேனர்.
மழை அவர் மீசையைக் கரைத்து
வாளியில் சொட்டியது.
"ஜெயிக்கலை" என்றாள் கொட்டில்காரி, நான் கேட்காமலே.
ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன.

அந்தோணிராயப்பரின் அடுக்களைக்கு மேலே
உடைத்த கப்பலின் தகடு.
சிப்பி ஒட்டாதிருக்கப் பூசிய சிவப்புச் சாயம்
இன்னும் உரிகிறது.
கடலிலேயே உயிர் அண்டவிடாத சாயம் அது.
அந்த ஒரு கூரைக்கு மட்டும்
குழாய் மாட்ட மாட்டேன் என்றேன்.
அவர் கோபித்துக்கொள்ளவில்லை.
கப்பலின் பெயரில் மிச்சமிருந்த இரண்டு எழுத்தை
எனக்குக் காட்டினார்.

சகுபர் நிஷா வீடு கான்கிரீட்.
மொட்டைமாடியில் நெத்திலி காயும்,
காயும் இடத்தில் காக்கையும்.

முதல் கால் மணி நேரத்தை விட்டுவிடுங்கள் என்றேன்.
உப்பு, எச்சம், செதில்,
போன வாரத்து மீன் கண் எல்லாம்
அதோடு போய்விடும்.
அதற்கென்று தனிக்குழாய், அடியில் ஒரு மூடி;
அது நிரம்பிய பிறகுதான்
தொட்டிக்கு வழி.

"விடுற தண்ணிக்கு எதுக்குக் குழாய்?"
என்று கூலியில் ஐம்பது குறைத்தாள்.

ஐப்பசி பாதியில் ஒரு ராத்திரி இடித்துப் பெய்தது.
விடியுமுன் போன்:
தண்ணி கருவாடு நாறுது.

போனேன்.
தனிக்குழாயின் வாயில்
அரிசிச் சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தது.
முதல் சொட்டிலிருந்தே எல்லாம் தொட்டிக்கு.

நான் திட்டவில்லை.
அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை.
"பங்குனியிலேருந்து தள்ளுவண்டித் தண்ணி.
குடம் பன்னிரண்டு ரூவா.
கடைசிச் சொட்டுக்குக் குடத்தைக் கவுத்துப் பிடிச்ச கை இது.
மொதல்ல வர்றத மண்ணுல விடுன்னா
எப்படி விடும்?"

கிருமிக்கு என்னிடம் வார்த்தை இருக்கிறது.
துருவுக்கு, சுண்ணாம்புக்கு, பாசிக்கு இருக்கிறது.
அந்தக் கைக்கு இல்லை.

வீட்டுக்குப் போய் ஒரு நீல டிரம்மை
வண்டியில் கட்டி எடுத்து வந்தேன்,
மூடிக்குக் கீழே வைத்தேன்.
குடிக்க இல்லை இது,
கூடை அலச, கால் கழுவ, வாசல் தெளிக்க.
அவள் டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றி
உயரத்தைச் சாணால் அளந்தாள்.
"ஆறு குடம்" என்றாள்.
"எழுபத்திரண்டு ரூவா."
பிறகு தானே எட்டி
சாக்கை உருவினாள்.

அன்று இரவும் மழை.
என் வீட்டுக் கூரை தார்ப்பாய்,
மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டது.
முதல் சத்தத்துக்கே என் மனைவி எழுந்து
அண்டா, சருவம், பால் தூக்கு எல்லாம்
வெளியே வரிசையாக வைத்தாள்.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

நீல டிரம் எங்கே என்று கேட்டாள்.
மழை பலமாகப் பெய்துகொண்டிருந்ததால்
எனக்குக் கேட்கவில்லை.